அவங்க கொல்லை

நம் வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்டது சின்னக் கேள்விதான். பையனுக்கு மழைக்கோட்டு வேண்டும் என்று போனில் பார்த்து வாங்கியிருந்தேன். வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே தாய்ப்பால் எடுக்கும் மின்கருவி இருந்தது. விலை அதிகமானது என்று பார்த்தாலே தெரிந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் நீங்கள் எல்லோரும் பதில் போட்டிருந்தீர்கள். "வச்சுக்கோடி, உனக்குன்னு வந்திருக்கு" என்றாள் ஒருத்தி. வெளிநாட்டில் கேட்காமல் அனுப்பினால் அது இனாம், சட்டமே அப்படித்தான் என்று இன்னொருத்தி எங்கேயோ படித்ததை அனுப்பியிருந்தாள். அடுத்த பிள்ளைக்கு ஆச்சு என்று ஒருத்தி சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

நான் பதிலை எழுதி எழுதி அழித்தேன். நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். தவறுதலாகக் கைக்கு வந்த பொருளை வாங்கினவர் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உடனே கம்பெனிக்குப் போன் செய்தேன். "நீங்களே வச்சுக்கோங்க மேடம், உங்க பணமும் திரும்ப வந்துடும்" என்றது ஒரு பெண் குரல். அனுப்பினவர்களே வைத்துக்கொள் என்று சொன்ன பிறகு சட்டத்துக்கு இதில் வேலையில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் பெட்டி அலமாரியில் இருப்பது, வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் என்னைப்போல் மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டுக் கீழே இறங்கியவர்கள். சொன்னால் புரிந்துகொள்வீர்கள், அல்லது இவளுக்கு எப்போதும் இப்படித்தான் என்று சிரிப்பீர்கள். இரண்டும் சரிதான்.

எங்கள் வீடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த ஸ்டாப்புக்கு ரெட்டைப் புளி என்று பெயர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு புளியமரங்கள் மேலே கை கோத்துக்கொண்டு நிற்கும். பஸ் அவற்றுக்கு நடுவே நுழையும்போது கூரைமேல் கிளை உரசும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். நான் மூன்றாம் வகுப்புப் போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசிக் காற்றில் அந்தப் பக்கத்து மரம் வேரோடு சாய்ந்தது. மரத்தை வெட்டிக்கொண்டு போனார்கள். குழியை மண் போட்டு மூடினார்கள். பெயரை யாரும் மாற்றவில்லை. ஒரே மரம் நின்றாலும் அது எங்களுக்கு ரெட்டைப் புளிதான்.

அடுத்த ஆடி மாதம். மழை நன்றாகப் பிடித்திருந்தது. எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். கீழ்க்கொல்லையில் சாமை விதைத்தாயிற்று, அது சோற்றுக்கு. மேல்கொல்லை உழுது கிடந்தது, போட விதையில்லை. போன வருஷம் மழை ஏமாற்றியதில் விதைக்கென்று வைத்திருந்ததையும் தின்றிருந்தோம். மேல்கொல்லை காலியாகக் கிடந்தால் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். போனால் நானும்தான் போகவேண்டும். அங்கே பள்ளிக்கூடம் இருக்குமா என்று அம்மாவைக் கேட்டேன். "அங்க இன்னாத்துக்குப் பள்ளிக்கூடம்?" என்றாள். அவளுக்கும் அதற்குமேல் தெரியாது.

அப்போதுதான் அந்த மூட்டை வந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அந்தத் தடத்துக்குப் புதியவர். பஸ் நின்றதும் படியில் நின்று மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஒரு சணல் மூட்டையைக் காலால் நெட்டிக் கீழே தள்ளினார்.

"யாருக்குங்க?" என்றாள் அம்மா.

"புளியமரத்து ஸ்டாப்புக்கும்மா. ஆளு வந்து எடுத்துக்குவாங்கன்னு ஏத்திவுட்டாங்க. நனையுது பாரு, தூக்கு!"

பஸ் போய்விட்டது. நானும் அம்மாவும் மூட்டையை இழுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தோம். பச்சைக் கயிற்றால் வாய் தைத்திருந்தது. அப்பா வந்து ஓரத்தில் விரலை விட்டு நோண்டினார். உரித்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை. விதைமருந்து தடவிச் செக்கச்செவேல் என்று இருந்தது. அப்பாவின் விரல் நுனி சிவந்துபோயிற்று. அந்த மருந்து வாடை இப்போதும் சில பூச்சி மருந்துக் கடைகளைத் தாண்டும்போது வருகிறது.

கண்ணமங்கலத்தில் ஒரு விதைக் கடைக்காரரிடம் அப்பா கடனுக்குக் கேட்டிருந்தார். அவர் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். "பாத்தியா, அனுப்பிட்டாரு. மனுசன்னா மனுசன்" என்று அப்பா அன்றைக்கு ராகம் போட்டுப் பேசினார். மறுநாளே நன்றி சொல்லிவிட்டு வரக் கீழே போனார்.

திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. கடைக்காரர் அனுப்பவில்லை. "பாக்கலாம்னுதானய்யா சொன்னேன், எப்ப அனுப்பறேன்னேன்?" என்று சிரித்தாராம். வரும்போது அதே கண்டக்டரைப் பிடித்து அப்பா கேட்டிருக்கிறார்.

"எங்க எறக்கச் சொன்னாங்க?"

"புளியமரத்துல. அங்கதான எறக்கினேன்?"

"ஆமா, அங்கதான்."

இவ்வளவுதான் பேச்சு. எந்தப் புளியமரம், ஏற்றிவிட்டது யார் என்று அப்பா கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாரா? பல வருஷங்களாக இதை மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். நல்ல மனிதர் அவர். அடுத்தவர் வேலியில் ஒரு முள்ளை எடுக்கமாட்டார். அதனால்தான் எனக்கு இது ஆறவே இல்லை.

அன்று மாலை சித்தப்பா வந்தார். ஜமுனாமரத்தூரில் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். வீட்டில் சட்டம் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"ண்ணா, நம்ப பொருள் இல்லன்னு தெரிஞ்சா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும். அதான் முறை."

"ஒப்படச்சா? அவங்க வெதப்பாங்களா?"

"வெதைக்க மாட்டாங்க. மூலையில போட்டு வெப்பாங்க."

"எலி திங்கும். சட்டப்படி திங்கும், இல்ல?"

சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. "சிரிக்காத. அவன் வந்து என் வித எங்கன்னா இன்னா சொல்லுவ?"

"உரிச்ச மல்லாட்டப் பயிறுடா. மருந்து வேற போட்டிருக்கு. திங்கவும் முடியாது, வெக்கவும் முடியாது. இந்த ஈரத்துல உள்ள போகலன்னா மக்கிப்போய்டும். அப்புறம் அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எவனோ பெரிய யாவாரி அனுப்புனது. இது போனா இன்னொண்ணு அனுப்பியிருப்பான்."

"சரி, வெதைக்கிற. வித அவங்களுது. நெலம் நம்பளுது, பாடும் நம்பளுது. வெளையறது யாருது?"

அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள். "மேல்கொல்லையில தனியா வெதைங்க. வேற எதும் அதுல கலக்க வேணாம். அவங்க வந்தா, இந்தா இது உங்களுதுன்னு காட்டலாம். அவங்க பாத்து இன்னா குடுக்கறாங்களோ குடுக்கட்டும்."

"வரலன்னா அண்ணி?"

"வர்ற வரைக்கும் அது அவங்க கொல்ல."

அதுதான் அந்தப் பெயர் பிறந்த இடம். சந்தை நாளில் சித்தப்பா நாலு பேரிடம் விசாரித்தார். அப்பாவும் விசாரித்ததாகச் சொன்னார். சந்தையில் மூட்டை தேடி யாரும் வரவில்லை. மறுநாளே விதைத்தார்கள். காலி மூட்டையை அம்மா துவைத்துக் காயவைத்து, பச்சைக் கயிற்றையும் சுருட்டி உள்ளே வைத்து, மடித்துப் பரண்மேல் போட்டாள். ஆள் வந்தால் மூட்டையையும் கொடுக்கவேண்டும் இல்லையா?

மேஸ்திரி வந்தார். நாங்கள் வரவில்லை என்று அப்பா சொல்லி அனுப்பினார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இருந்தது. கூடவே வேறொன்றும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் வாசலுக்கு ஓடினேன். இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் இவர்தான் 'அவங்க'ளா என்று பார்த்தேன். அரிசிச் சிப்பத்தோடு இறங்குகிறவர், கோழியோடு இறங்குகிறவர், சட்டைப் பையில் பேனா வைத்தவர். பேனா வைத்தவரைக் கண்டால்தான் அதிகப் பயம். எங்கள் பக்கம் பார்க்காமல் அவர் நடந்துபோனால் மூச்சு வரும். அடுத்த பஸ் சத்தம் கேட்டதும் மறுபடியும் போய்விடும். கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே பஸ் எந்த வளைவில் வருகிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதுகூடக் காது ரோட்டில்தான் இருக்கும்.

முளை விட்டதும் காக்காய் இறங்கும். பள்ளி இல்லாத நாளெல்லாம் டின்னைத் தட்டிக்கொண்டு மேல்கொல்லையில் நிற்பது என் வேலை. "அவங்க கொல்லையில காக்கா எறங்குது பாரு, ஓடு!" என்பாள் அம்மா. "அவங்க கொல்லைக்குக் களை எடுக்கணும்" என்பார் அப்பா. முதலில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் குரல் சற்றுத் தாழும், பக்கத்தில் ஆள் இருப்பதுபோல. மஞ்சள் பூ விட்டு, காம்பு மண்ணுக்குள் இறங்கிய பருவத்தில் அப்படித் தாழ்வதில்லை. சந்தைக்குப் போகிறேன், கிணற்றுக்குப் போகிறேன், அவங்க கொல்லைக்குப் போகிறேன். பெயர் பெயராகிவிட்டது.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மேலேயிருந்து பஸ்ஸில் வருபவள். வறுத்த புளியங்கொட்டையைப் பாவாடை மடிப்பில் முடிந்து எடுத்து வருவாள். பல்லால் உடைத்துப் பாதியை எனக்குத் தருவாள். எச்சில் என்று நான் முகம் சுளித்தால், "அப்போ வாந்தி எடு, நேத்து தின்னதையும் சேத்து" என்பாள். மழை நடுவில் ஒரு நாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "கொடகுக்குப் போய்ட்டாங்க" என்றார் டீச்சர், வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டிக்கொண்டே. ஒவ்வொரு வருஷமும் சில பிள்ளைகள் அப்படிப் போகும். யாரும் ஆச்சரியப்படவில்லை. அவள் உட்காரும் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டேன். வசதியாகவே இருந்தது.

பிடுங்கும் காலம் வந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றாள் அம்மா. "மண்ணுக்குள்ளயே மொளச்சிக்கும். அப்புறம் அவங்க வந்தா எதக் காட்டுவ?" என்றார் அப்பா. பிடுங்கினோம். செடியைத் தூக்கினால் கொத்துக் கொத்தாகக் காய். ஈரமண் வாசனை வீடுவரைக்கும் வந்தது. அதுவரை ஒரு காயைக்கூட வாயில் போடவிடாத அம்மா அன்றைக்கு ஒரு சட்டி நிறைய உப்புப் போட்டு அவித்தாள். "அவங்க கொல்ல மல்லாட்ட இன்னா இனிப்பு!" என்றார் அப்பா, தோலை வாசலில் துப்பிக்கொண்டு. யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. நானும் தின்றேன்.

காய் வாசலில் காய்ந்துகொண்டிருந்தபோது ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். சட்டைப் பையில் பேனா இல்லை. கையில் மஞ்சள் பை மட்டும். மேலே போகிற பஸ் எங்கள் ஸ்டாப்போடு திரும்பிவிட்டதாம், நடக்கவேண்டும் என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் குனிந்து ஒரு காயை எடுத்து உடைத்தார்.

"நல்ல ரகம். வித எங்க புடிச்சீங்க?"

அப்பா ரோட்டைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவளே, "வந்துச்சுங்க" என்றாள்.

"வந்துச்சுன்னா?"

அம்மா சொன்னாள். ஒன்றையும் விடாமல், மூட்டை இறங்கியதிலிருந்து சொன்னாள். சொல்லிக்கொண்டே பரணிலிருந்து சாக்கை எடுத்து வந்து அவர்முன் வைத்தாள். அவர் சாக்கைப் பார்க்கவில்லை. பச்சைக் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"நான் தச்சது" என்றார்.

மலையில் பிறந்து கீழே போய், கண்ணமங்கலம் பக்கம் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் பிடித்துப் பயிர் செய்பவர் அவர். ஒத்தைப் புளியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிய விதை அது. ஒத்தைப் புளி எங்களுக்கு மேலே, நாலைந்து வளைவு தள்ளி இருக்கிற ஸ்டாப். ஒத்தைப் புளியமரத்தில் இறக்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். புதுக் கண்டக்டர் வழியில் ஒற்றையாக நின்ற முதல் புளியமரத்தைப் பார்த்து இறக்கிவிட்டார்.

"வித வரலன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சா" என்றார் அவர். "நான் நம்பல. எங்க மாமன் வித்துக் குடிச்சிட்டான், இவ அவனுக்காகப் பொய் சொல்றான்னு நெனச்சேன். ஆளுங்க முன்னாடி கேட்டுட்டேன். 'வித்துத் தின்னுட்டு வரலன்னு சொல்றியா'ன்னு கேட்டேன். அப்பவே புள்ளைங்கள இழுத்துக்கினு கொடகுக்குப் போய்ட்டா. இப்ப வூட்ட பாத்துட்டு வரலாம்னுதான் போறேன்."

அப்பா குனிந்து காயை அந்தச் சாக்குக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க" என்றார். "ஒரு காய் வேணாம் எங்களுக்கு."

"இத எடுத்துக்கினு நான் இன்னா பண்ண? நான் அவளக் கேட்டதத் திரும்ப எடுத்துக்க முடியுமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பச்சைக் கயிற்றை மட்டும் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மேலே நடந்தார்.

சித்தப்பா பிறகு சொன்னார், திருட்டில்லை, கெட்ட எண்ணம் இல்லை, சாட்சிக்கு நானே இருக்கிறேன் என்று. எல்லாம் உண்மை. அப்பாவும் அம்மாவும் காயை மூட்டைகளில் கட்டி ஒத்தைப் புளிக்குக் கொண்டுபோனார்கள். கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். குடகில் எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

தை கழிந்து குடகுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு நாள் விதை அனுப்பியவரின் அக்கா எங்கள் ஸ்டாப்பில் இறங்கினார். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் ரெட்டப் புளின்னு சொல்லிக்கினு ஒண்ண நிக்க வெச்சிருந்தா அந்தக் கண்டக்டர் புள்ள இன்னாத்தக் கண்டான்? வுடு" என்றார். "எந்தம்பிகிட்ட உண்மையச் சொன்னீங்க இல்ல, அது போதும் எனக்கு."

அவர் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் தம்பியோடு நின்றவள், எனக்குப் புளியங்கொட்டை கொடுத்தவள். கைகள் காய்த்திருந்தன. நான் பள்ளி விட்டு வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தாள்.

"எடம் வெச்சிருக்கியா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அவள் வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அந்த விதை சரியான மரத்தடியில் இறங்கியிருந்தால் அவள் படித்திருப்பாள், நான் குடகில் தம்பியோ தங்கையோ தூக்கியிருப்பேன் என்று சொல்ல முடியுமா? முடியாது. வேறு எதுவும் நடந்திருக்கலாம். ஆனால் நான் படித்தேன், இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்த நிலத்தில் இப்போது, பிற்பாடு பிறந்த என் தம்பி பயிர் வைக்கிறான். இன்றைக்கும் அது அவங்க கொல்லைதான். அவன் பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர்.

முந்தாநாள் வீடு கூட்டும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், "ஏம்மே, அவங்க டப்பாவ எங்க வெக்கறது?" கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். என் பையன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் கேள்வி வேண்டும்.

"அவங்கன்னா யாரும்மா?"

கம்பெனிக்கு மறுபடி போன் செய்தேன். அதே மாதிரி ஒரு குரல், வைத்துக்கொள்ளலாம் மேடம் என்றது. அது தெரியும், நான் கேட்பது வேறு என்றேன். அதைக் கேட்டு வாங்கினவங்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா, வரவில்லை என்று அவங்க சொன்னால் நீங்கள் நம்பினீர்களா என்று கேட்டேன். அந்தத் தகவல் தர முடியாது மேடம் என்றாள். பிறகு அந்தப் பெண், பாடம் ஒப்பிக்கும் குரலை விட்டுவிட்டு, "லைன்ல இருங்க, பாக்கறேன்" என்றாள்.

காதில் போனை வைத்தபடியே அலமாரிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டேன். பையன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"யாரும்மா?" என்றான் மறுபடியும்.

"இரு, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.